வகுப்பில் படம் போட்டுக் காட்ட 45,000 ரூபாயா?

கேள்வி: தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 150 பேருக்கு 'ஏட்காம்' வகுப்பு (மனப்பாங்கு, அறநெறி, நோயாளியோடு பேசும் முறை பற்றிய பாடம்) எடுக்க என் பெயரைப் போட்டுவிட்டார்கள். பேசிப் பேசி எனக்கும் அலுத்துவிட்டது, அவர்களும் போனைத்தான் பார்க்கிறார்கள். ஒரு படத்தைப் போட்டுக் காட்டி அதை வைத்துப் பேசலாமா என்று டீனிடம் கேட்டேன். காப்பிரைட் பிரச்சினை வரும், பார்த்துச் செய்யுங்கள் என்றார். இதற்குள் ஒரு நிறுவனத்தின் ஆள் வந்து, கல்லூரியில் படம் காட்ட லைசென்ஸ் கட்டாயம், 45,000 ரூபாய் கட்டினால் ஐந்து படங்களுக்கு லைசென்ஸும் எனக்கு ஒரு சர்வதேசச் சான்றிதழும் தருவோம், கட்டாமல் காட்டினால் வழக்கு வரும் என்கிறார். கட்டச் சொல்லலாமா? எந்தப் படத்தைக் காட்டுவது?
- பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்ட வாசகி

பதில்: கட்டாதீர்கள், டாக்டர். உங்கள் கல்லூரிக்குள், உங்கள் மாணவர்களுக்கு, பாடத்தின் பகுதியாக ஒரு படத்தைக் காட்டுவதற்கு யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எதெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று அதில் நீளமாக ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் 52(1)(ஜே) என்ற உட்பிரிவு, ஒரு கல்வி நிறுவனம் தன் செயல்பாடுகளின் பகுதியாகத் திரைப்படம் காட்டலாம் என்று சொல்கிறது. பார்ப்பவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள், மாணவர்கள், மாணவர்களின் பெற்றோர் அல்லது காப்பாளர், நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்து டீன் மேசையில் வைத்துவிடுங்கள். டீன்கள் பயப்படுவது சட்டத்துக்காக அல்ல, நாளைக்கு யாராவது கடிதம் அனுப்பினால் கோப்பில் பதில் இருக்குமா என்பதற்காக. கோப்பில் காகிதம் இருந்தால் கையெழுத்து விழும்.

இனி அந்த ஆளைப் பற்றி. நான் இதற்கு முன் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் இதே மாதிரி ஒருவர் வந்தார், நாங்கள் பயந்து கட்டினோம். என்ன வந்தது தெரியுமா? ஒரு பென் டிரைவ், கூடவே தங்க நிற முத்திரை போட்ட ஒரு கடிதம். வகுப்பில் படத்தைப் போட்டால் திரையின் மூலையில் ஒரு திருட்டு இணையதளத்தின் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது. 150 மாணவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். மருத்துவ அறநெறி வகுப்புக்குக் கல்லூரிப் பணத்தில் திருட்டுப் பிரதி வாங்கிப் போட்டிருக்கிறோம் என்ற வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

இந்த இடைத்தரகர்கள் பிழைப்பதற்குக் காரணம், நம் ஊரில் ஒரு படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது என்பதுதான். தியேட்டர் உரிமை ஒருவரிடம், சாட்டிலைட் உரிமை ஒருவரிடம், ஓடிடி இன்னொருவரிடம், டப்பிங், ரீமேக் வேறு வேறு ஆட்களிடம் என்று துண்டு துண்டாக விற்றிருப்பார்கள். தயாரிப்பாளரே இறந்து வாரிசுகள் கோர்ட்டில் நிற்கும் பழைய படங்களும் உண்டு. இந்தக் குழப்பத்துக்குள் புகுந்து 'எங்களிடம் உரிமை இருக்கிறது' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் சட்டத்தின் 30-ஆவது பிரிவுப்படி உரிமையாளர் தரும் லைசென்ஸ் எழுத்தில் இருக்க வேண்டும். அதனால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஐந்து படங்களுக்கும் உரிமையாளர் உங்களுக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தின் நகலைக் காட்ட முடியுமா? தன் நிறுவனத்தின் லெட்டர்பேடில் தானே எழுதிக்கொண்ட கடிதத்தைக் காட்டினால் அது ஒப்பந்தம் ஆகாது. 'அது கான்ஃபிடென்ஷியல்' என்றால் பேச்சை அத்தோடு முடித்துவிடுங்கள்.

சான்றிதழ் இன்னும் மோசம். 'சினிமெடுகேஷன்' என்ற சொல்லை 1994-இல் அமெரிக்காவின் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் சிலர் ஒரு கட்டுரையில் பயன்படுத்தினார்கள், நோயாளியின் மனநிலை, குடும்பச் சூழல் போன்றவற்றைப் படக்காட்சிகளை வைத்துச் சொல்லித்தருவதற்கு வைத்த பெயர் அது. யாரும் யாருக்கும் பட்டம் கொடுக்கிற துறை அல்ல. ஏட்காம் எடுக்க வெளியாள் தரும் எந்தச் சான்றிதழும் தேவையில்லை, ஏட்காம் கையேட்டில் உள்ள 27 பாடத்தொகுதிகளில் எதிலும் அப்படி ஒரு வரி கிடையாது. ஆசிரியர் பயிற்சிக்குத் தேசிய மருத்துவ ஆணையம் ஏற்றுக்கொள்வது அதன் நோடல் மையங்களும் மண்டல மையங்களும் வழியாக நடக்கும் அடிப்படைப் பயிற்சியைத்தான். நம் மாநிலத்தில் வேலூர் சிஎம்சி, சென்னை ஸ்ரீராமச்சந்திரா போன்ற இடங்களில் அது நடக்கிறது. கிரெடிட் ஹவர் தருவோம் என்றும் சிலர் சொல்வார்கள். பதிவு பெற்ற டாக்டர்கள் ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரம் தொடர் கல்வி சேர்க்க வேண்டும் என்பது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் விதி, அதைக் கொடுப்பதும் கவுன்சில் அங்கீகரித்த நிகழ்ச்சிகளுக்குத்தான். இரண்டாம் ஆண்டு மாணவருக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. இப்படிக் காகிதம் விற்பவர்கள் ஏன் நம் வாசலுக்கு வருகிறார்கள் என்றால், நாம் காகிதத்துக்குப் பயந்தவர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு மணி நேர வகுப்புக்கு ஜியோடேக் போட்டோ, வருகைப் பட்டியல், அறிக்கை, லாக்புக் கையெழுத்து, நமக்கே முகத்தைக் காட்டி வருகைப் பதிவு என்று இத்தனை கேட்கிற அமைப்பு, அந்த வகுப்பில் என்ன பேசினீர்கள் என்று இதுவரை என்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

சரி, சட்டம் தரும் இந்தச் சலுகை எங்கே முடிகிறது என்பதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நல்ல மனசுள்ள ஆசிரியர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சலுகை படத்துக்கு அல்ல, பார்ப்பவர்களின் வட்டத்துக்கு. உங்கள் மாணவர்கள், உங்கள் பிஜிக்கள் (முதுநிலை மாணவர்கள்), உங்கள் மருத்துவமனை நர்ஸ்கள் பார்க்கலாம். பட்டமளிப்பு நாளுக்கு வந்த பெற்றோரும் உட்காரலாம். அதே ஹாலில் அதே படத்தை, கட்டணம் வாங்கி நடத்தும் சிஎம்இ-யில் (டாக்டர்களுக்கான தொடர் கல்வி நிகழ்ச்சி) வெளியூர் டாக்டர்கள் 200 பேருக்குப் போட்டால் அந்த வட்டம் உடைந்துவிட்டது. மாணவர்கள் நடத்தும் கலைவிழாவில் மற்ற கல்லூரிகளுக்கும் அழைப்பு அனுப்பி டிக்கெட் போட்டால் உடைந்துவிட்டது. வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் விழிப்புணர்வுக்காக என்று ஒரு முழுப் படத்தை ஓடவிடுகிறார்களே, நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்கும் இந்த உட்பிரிவு துணைக்கு வராது. நோயாளி உங்கள் நிறுவனத்துக்கு வந்தவர்தானே, தொடர்புடையவர் ஆகமாட்டாரா என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அந்த வாதத்தை வைத்துக் கல்லூரியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக நான் தயாராக இல்லை. அப்புறம், வகுப்பைப் பதிவு செய்து கல்லூரியின் யூடியூப் சேனலில் ஏற்றுகிறார்கள். நீங்கள் பேசியதை ஏற்றுங்கள், படக்காட்சி ஓடிய பகுதியை வெட்டிவிடுங்கள். ஏற்றிய நிமிடமே பார்ப்பவர் யார் என்பது உங்கள் கையில் இல்லை. மாணவர் மட்டும் நுழையும் கல்லூரியின் சொந்தத் தளம் என்றால் அது வேறு.

பிரதி நேர்மையானதாக இருக்கட்டும். டெலிகிராமில் இறக்கிய கோப்பு வேண்டாம். ஓடிடி சந்தா தனிப்பட்ட பயன்பாட்டுக்கு என்றுதான் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், அதில் வாதத்துக்கு இடமிருக்கிறது என்றாலும் உங்களுக்கு அந்தத் தலைவலி தேவையில்லை. காசு கொடுத்து வாங்கிய டிவிடி, இல்லையென்றால் உரிமையாளர்களே யூடியூபில் ஏற்றியிருக்கும் பிரதி, இந்த இரண்டும் போதும். பழைய தமிழ்ப் படங்கள் அப்படி நிறையக் கிடைக்கின்றன.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, உண்மையில் அதுதான் முக்கியமான கேள்வி. முழுப் படம் போடாதீர்கள். இரண்டரை மணி நேரம் ஏசி ஹாலில் விளக்கை அணைத்தால் முதல் நாள் இரவு படித்தவன் தூங்குவான், படிக்காதவன் படம் பார்ப்பான், பேசுவதற்கு நேரமே இருக்காது. ஐந்திலிருந்து எட்டு நிமிடம் ஓடும் ஒரு காட்சி போதும். அதை நீங்கள் குறைந்தது மூன்று முறை பார்த்திருக்க வேண்டும். எந்த நொடியில் நிறுத்தப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே குறித்து வைத்திருக்க வேண்டும். நிறுத்துகிற இடம்தான் பாடம்.

நான் வருடாவருடம் போடுவது 1952-இல் அகிரா குரோசவா எடுத்த 'இகிரு' படத்தில் வரும் மருத்துவமனைக் காட்சி. நகராட்சி அலுவலகத்தில் காலமெல்லாம் ஃபைல் தள்ளிய ஒரு வயதானவர் வயிற்று வலியோடு டாக்டருக்காகக் காத்திருக்கிறார். பக்கத்தில் இருக்கும் இன்னொரு நோயாளி வலிய வந்து பேசுகிறார்: டாக்டர் 'லேசான அல்சர்தான், ஆபரேஷன் வேண்டாம், பிடித்ததைச் சாப்பிடலாம்' என்று சொன்னால் அது வயிற்றுப் புற்றுநோய், ஒரு வருடம்கூடத் தாங்காது என்று. கேட்கக் கேட்கப் பெரியவரின் முகம் வெளிறுகிறது. அடுத்து அவர் பெயரைக் கூப்பிடுகிறார்கள். அங்கே நிறுத்திவிடுங்கள். 'உள்ளே டாக்டர் என்ன சொல்வார்?' என்று கேளுங்கள், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். பிறகு ஓடவிடுங்கள். டாக்டர் வரிக்கு வரி அதையேதான் சொல்கிறார். பெரியவர் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுகிறார், டாக்டர் அசையவில்லை. ஜப்பானிய மொழி, ஆங்கில சப்டைட்டில், கறுப்பு வெள்ளை, நம் பிள்ளைகள் பார்ப்பார்களா என்று நானும் முதலில் தயங்கினேன். அந்த ஹாலில் அப்போது விழும் மௌனத்தை நீங்களே கேட்டுப் பாருங்கள். ஏனென்றால் அது நம் வார்டு. கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்தவுடன் மகன் நம்மைக் கதவுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய் 'அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாரு' என்று கையெடுத்துக் கும்பிடுகிறாரே, அதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அப்பாவுக்கோ பெரும்பாலும் முன்பே தெரிந்திருக்கும், பக்கத்துக் கட்டில்காரர் சொல்லியிருப்பார்.

இன்னொரு நாள் வகுப்பு கிடைத்தால் 2001-இல் மைக் நிக்கல்ஸ் இயக்கிய 'விட்' படத்தின் முதல் காட்சியைப் போடுங்கள். அதில் டாக்டர் எதையும் மறைப்பதில்லை. 'உங்களுக்குப் புற்றுநோய்' என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டு, சினைப்பைப் புற்றுநோய், அது பரவியிருக்கிறது, சிகிச்சை இன்னது என்று மருத்துவச் சொற்களாகக் கொட்டுகிறார். எதிரில் இருக்கும் பெண் அந்தச் சொற்களிலேயே சிக்கிக்கொண்டு நிற்கிறார், அவருக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் பார்த்த மாணவர்கள் தாங்களாகவே கேட்பார்கள்: அப்படியானால் எப்படித்தான் சொல்வது? அந்தக் கேள்வி அவர்கள் வாயிலிருந்து வந்த பிறகு பாடத்தை ஆரம்பியுங்கள். அதற்கு முன் பவர்பாயிண்ட் எதையும் காட்டாதீர்கள்.

தமிழ்ப் படம் வேண்டாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. 2004-இல் வந்த 'வசூல்ராஜா எம்பிபிஎஸ்' படத்தில், சாகக் கிடக்கும் நோயாளி வந்தால் ஃபாரம் நிரப்பியே ஆக வேண்டுமா என்று முதல் வகுப்பிலேயே நாயகன் கேட்பார். எல்லோரும் சிரித்து முடித்ததும், 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்று கேளுங்கள். போலீஸ் சம்பிரதாயத்துக்காகக் காத்திருக்காமல் முதலில் உயிரைக் காப்பாற்றுவது அரசு, தனியார் என்ற வித்தியாசமில்லாமல் எல்லா டாக்டர்களின் கடமை என்ற தீர்ப்பு அது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் செலவைத் தமிழ்நாடு அரசு ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்ததையும் அதோடு சேர்த்துச் சொல்லுங்கள். அந்த மாணவன் ஹவுஸ் சர்ஜனாக கேஷுவாலிட்டியில் நிற்கும் இரவில் அது ஞாபகம் வரும். 2002-இல் வந்த 'ரமணா'வில் இறந்துபோனவருக்கு வைத்தியம் பார்த்துப் பணம் கறக்கும் காட்சியும் பயன்படும், ஆனால் கவனம். அது டாக்டரைக் கொள்ளைக்காரனாகக் காட்டுகிறது என்று மாணவர்கள் கோபப்படுவார்கள். கோபப்படட்டும். ஐசியூ கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது, அந்த இடத்தைச் சந்தேகம்தான் நிரப்பும், தினமும் ஒருமுறை வெளியே வந்து பேசாத டாக்டர் மீது அது எப்படித் திரும்பும் என்று கேளுங்கள்.

படங்களில் வரும் மருத்துவத் தவறுகளையும் விட்டுவிடாதீர்கள். மானிட்டரில் கோடு நேராகப் போகும், உடனே ஷாக் கொடுப்பார்கள், நோயாளி கண் திறப்பார். நேர்க்கோட்டுக்கு ஷாக் கிடையாது என்பதை இதை வைத்தே சொல்லித்தரலாம். 1996-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் காட்டிய 60 சிபிஆர் (நின்ற இதயத்தை நெஞ்சை அழுத்தி இயக்கும் முதலுதவி) காட்சிகளை எண்ணிப் பார்த்தார்கள். 75 சதவீதம் பேர் அப்போதைக்குப் பிழைத்தார்கள், 67 சதவீதம் பேர் வீட்டுக்கே போகிற அளவுக்குத் தேறிவிட்டார்களாம். நிஜ வார்டில் அதற்கு வெகு தூரம் கீழே. மனநோய்க்குத் தரும் மின்அதிர்ச்சி சிகிச்சையைச் சித்திரவதையாகக் காட்டும் காட்சிகளைத் திருத்தாமல் காட்டினால் கெடுதலே நடக்கும். அப்படிப்பட்ட காட்சிகளைப் பார்த்த மருத்துவ மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அந்தச் சிகிச்சை மீதிருந்த ஆதரவு குறைந்ததாக 2002-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைக் கொடுப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது என்று அதே வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் நான் தவறு செய்திருக்கிறேன். ஒருமுறை ஐசியூவில் ஒருவர் இறக்கும் காட்சியை முன்னறிவிப்பு இல்லாமல் போட்டேன். பாதியில் ஒரு மாணவி எழுந்து வெளியே போனாள். வருகைப் பதிவு முடிந்ததும் நழுவுகிறாள் என்று நினைத்துப் பெயரைக் குறித்துக்கொண்டேன். அவள் அப்பா இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் ஐசியூவிலேயே இறந்திருந்தார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அன்றிலிருந்து என்ன காட்டப் போகிறேன் என்பதை முந்தின நாளே சொல்லிவிடுகிறேன். வெளியே போகிறவர்களுக்கு வருகைப் பதிவு உண்டு, காரணம் கேட்கமாட்டேன் என்றும் சொல்கிறேன். தற்கொலைக் காட்சிகளை நான் போடுவதே இல்லை.

150 பேரைச் சிறு குழுக்களாகப் பிரியுங்கள் என்று ஏட்காம் கையேட்டில் எழுதியிருக்கும். பத்துப் பேருக்கு ஒரு ஆசிரியர் என்றால் 15 பேர் வேண்டும். எந்தக் கல்லூரியில் ஒரு புதன்கிழமை மதியம் 15 ஆசிரியர்கள் சும்மா இருக்கிறார்கள்? 50 பேராக மூன்று நாள் கேளுங்கள், அதுவும் கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரோடு பேசும் முறையே போதும். லாக்புக்கில் எழுதும் சிந்தனைக் குறிப்பை மட்டும் வகுப்பு முடியும் முன் அங்கேயே, தமிழிலோ ஆங்கிலத்திலோ, ஐந்து வரி எழுதி வாங்குங்கள். வீட்டுக்குக் கொடுத்தால் ஒருவன் எழுதியதை 149 பேர் காப்பி அடிப்பார்கள், நீங்களும் 150 கையெழுத்துப் போடுவீர்கள்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கண்டிப்பாக மறுப்புச் சொல்லுங்கள். இந்த வகுப்புக்குப் பிறகு சில உற்சாகமான மாணவர்கள் 'நாங்களே ஒரு குறும்படம் எடுக்கிறோம் மேடம், வார்டில் ஒரு தாத்தா இருக்கிறார்' என்று வருவார்கள். நோயாளியின் முகம், குரல், கட்டில் எண் எதுவும் வேண்டாம். இலவசமாக வைத்தியம் பார்க்கும் இடத்தில் படுத்திருப்பவர் டாக்டரிடம் முடியாது என்று சொல்ல மாட்டார், அவர் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போனில் எடுத்தது வாட்ஸ்அப்புக்குப் போக ஒரு நொடி போதும். மாணவர்களே நோயாளியாக நடிக்கட்டும், அரை நாள் கட்டிலில் கவுனோடு படுத்துப் பார்க்கட்டும், முதலாண்டில் படித்த 'நோயாளியாக இருப்பது என்றால் என்ன' என்ற பாடம் அப்போதுதான் புரியும்.

அந்த ஆள் மறுபடியும் வருவார், அடுத்த முறை 25,000 என்று குறைப்பார், டீனையே நேரில் பார்ப்பார். வழக்கு வரும் என்று சொன்னதை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், எந்தப் படம், உரிமையாளர் யார், எந்தப் பிரிவின் கீழ் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். கொடுத்தால் நகலை எனக்கு அனுப்புங்கள், பதிலை நானே எழுதித் தருகிறேன்.